‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1962): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் முறை பார்க்கப்போகிறவர்கள், பார்த்துவிட்டு நீதிமன்றக் காட்சியில் சந்தேகம் எழுந்தவர்கள், பள்ளியிலோ திரைப்படச் சங்கத்திலோ திரையிட நினைப்பவர்கள் ஆகிய மூன்று தரப்பினரும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. முடிவு உட்பட கதை முழுவதும் இங்கே பேசப்படுகிறது. முதல் இரண்டு பதில்களை மட்டும் பயமின்றிப் படிக்கலாம்.

படம் எதைப் பற்றியது?

அமெரிக்காவின் தெற்கே அலபாமா மாநிலத்தில் மேகோம் என்றொரு சிற்றூர். பொருளாதாரப் பெருமந்தம் ஊரையே முடக்கிப் போட்டிருக்கும் 1930-களின் தொடக்கம். மனைவியை இழந்த வழக்கறிஞர் அட்டிக்கஸ் ஃபிஞ்ச் தன் மகன் ஜெம், மகள் ஸ்கவுட் இருவரையும் வளர்த்துவருகிறார். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியை வன்புணர்வு செய்ததாக டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிமேல் வழக்கு வருகிறது. அவருக்காக வாதாடும்படி நீதிபதி டெய்லர் ஒரு நாள் இரவு அட்டிக்கஸின் வீட்டுத் திண்ணைக்கே வந்து கேட்கிறார். அட்டிக்கஸ் ஒப்புக்கொள்கிறார். அதற்குப் பிறகு ஊர் என்ன செய்கிறது என்பதை ஆறு வயதுச் சிறுமியின் கண் வழியே பார்க்கிறோம்.

நல்ல வக்கீல் ஒருவரின் கதை என்றுதான் பெரும்பாலும் அறிமுகம் செய்கிறார்கள். ஊரின் கதையாகப் பார்த்தால் படம் இன்னும் ஆழமாகப் பிடிபடும். அட்டிக்கஸை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால், தீர்ப்புச் சொல்ல ஊரிலிருந்து அழைக்கப்பட்ட குழுவான ஜூரி ஏன் அப்படித் தீர்ப்புச் சொன்னது என்பது புரியாமலே போய்விடும்.

யார் யார் உழைத்த படம்?

இயக்கம் ராபர்ட் மல்லிகன், தயாரிப்பு ஆலன் பக்குலா, திரைக்கதை ஹார்ட்டன் ஃபூட், ஒளிப்பதிவு ரஸ்ஸல் ஹார்லன், இசை எல்மர் பெர்ன்ஸ்டீன். அட்டிக்கஸாக கிரிகரி பெக், டாம் ராபின்சனாக ப்ராக் பீட்டர்ஸ், ஸ்கவுட்டாக மேரி பேடம், ஜெம்மாக ஃபிலிப் ஆல்ஃபர்ட், பக்கத்து வீட்டுக்கு விடுமுறைக்கு வரும் டில்லாக ஜான் மெக்னா. ஓடும் நேரம் 129 நிமிடம். ஹார்ப்பர் லீ 1960 ஜூலையில் வெளியிட்ட நாவல்தான் மூலம். அந்த நாவல் 1961-ல் புலிட்சர் பரிசு பெற்றது. திரைக்கதை எழுதும் வாய்ப்பு லீக்கே வந்தும் அவர் ஏற்கவில்லை.

மேகோம் உண்மையான ஊரா?

பெயர் கற்பனை. ஆனால் அச்சு அசலாக லீ பிறந்து வளர்ந்த, அலபாமாவின் மன்ரோவில் (Monroeville) என்ற ஊர்தான் அது. அவருடைய தந்தை அமாசா கோல்மன் லீ அங்கே வழக்கறிஞர். 1919-ல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் இருவருக்காக அவர் வாதாடினார், இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். டில் பாத்திரத்துக்கு முன்மாதிரி, லீயின் பக்கத்து வீட்டில் வளர்ந்து பின்னாளில் பெரிய எழுத்தாளரான ட்ரூமன் கபோட்டி. படப்பிடிப்புக்கு முன் பெக் மன்ரோவில் போய் அமாசா லீயைச் சந்தித்தார். படம் வெளிவரும் முன்பே, 1962 ஏப்ரலில், அந்த முதியவர் இறந்துவிட்டார். அவருடைய சட்டைப்பைக் கடிகாரத்தை ஹார்ப்பர் லீ பெக்குக்குக் கொடுத்தார். ஆஸ்கார் வாங்க மேடையேறியபோது பெக்கிடம் இருந்தது அந்தக் கடிகாரம்.

அப்படியானால் அங்கேயே போய் எடுத்திருக்கலாமே?

1961-க்குள் மன்ரோவில் மாறிவிட்டிருந்தது. முப்பது ஆண்டுக்கு முந்தைய தெரு என்று நம்பும்படி அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் ஊர் முழுவதையும் கலிஃபோர்னியாவில் யுனிவர்சல் ஸ்டுடியோவின் வளாகத்தில் கட்டினார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் இடிபடக் காத்திருந்த பழைய மரவீடுகளை வாங்கிக் கொண்டுவந்து தெருவாக நிறுத்தினார்கள். புதிதாகப் பலகை அடித்துப் பழசாக்கிய வீடுகளில் இருக்கும் பொய் இதில் இல்லாததற்கு அதுதான் காரணம்.

நீதிமன்றத்துக்கு மட்டும் மன்ரோவில் நேரடியாகவே மாதிரியானது. கலை இயக்குநர் ஹென்றி பம்ஸ்டெட் அங்கே போய், மன்ரோ மாவட்ட நீதிமன்றத்தின் உள்கூடத்தைப் படமெடுத்து, அளவெடுத்து வந்தார். வளைந்த மாடம், அதைத் தாங்கும் மெல்லிய தூண்கள், கீழே வெள்ளையர், மேலே கறுப்பினத்தவர் என்ற அமைப்பு எல்லாம் ஸ்டுடியோவுக்குள் அப்படியே எழுந்தன. மல்லிகன் அந்த மாடத்தை எங்கே வைத்துப் படமெடுத்திருக்கிறார் என்று கவனியுங்கள். குழந்தைகள் மூவரும் பாதிரியார் சைக்ஸுடன் மேலே அமர்ந்திருப்பதால், வழக்கின் பெரும்பகுதியை நாமும் கறுப்பினத்தவரோடு சேர்ந்து மேலிருந்தே பார்க்கிறோம்.

வண்ணப்படங்கள் வந்துவிட்ட காலத்தில் ஏன் கறுப்பு வெள்ளை?

கதை நடப்பது 1930-களில். அந்தக் காலத்துத் தெற்கை அமெரிக்கர்கள் நினைவில் வைத்திருப்பதே கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாகத்தான். அதோடு படத்தின் பாதி அச்சம் இரவில் நடக்கிறது. குழந்தைகள் அஞ்சும் ராட்லி வீட்டுத் தாழ்வாரத்தில் ஜெம்மின்மேல் படரும் நிழலை வண்ணத்தில் நினைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஜூரி என்பது என்ன? நீதிபதி ஏன் ஒன்றும் செய்யவில்லை?

இந்தியாவில் குற்ற வழக்குகளில் ஜூரி முறை 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிந்துவிட்டதால் நம்மவர்களில் பலருக்கு இந்த இடத்தில் குழப்பம் வருகிறது. அமெரிக்க முறையில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நீதிபதி சொல்வார். நடந்தது என்ன, குற்றவாளியா இல்லையா என்பதை முடிவு செய்வது ஊரிலிருந்து அழைக்கப்பட்ட பன்னிரண்டு பேர். அவர்கள் ஒருமனதாகச் சொல்ல வேண்டும். நீதிபதி டெய்லர் வழக்கைத் தகுதியான வக்கீலிடம் ஒப்படைத்தார். விசாரணையை ஒழுங்காக நடத்தினார். அதற்குமேல் அவருடைய கையில் அதிகம் இல்லை.

அந்தப் பன்னிரண்டு பேரும் வெள்ளைக்கார ஆண்கள். அலபாமாவில் பெண்கள் ஜூரியில் உட்கார 1966 வரை சட்டமே இடம் தரவில்லை. கறுப்பினத்தவரை விலக்க வெளிப்படையான சட்டம் தேவைப்படவில்லை: பட்டியல் தயாரிப்பவர்கள் அவர்கள் பெயரை எழுதாமல் விட்டாலே போதும்.

டாம் ராபின்சன் நிரபராதி என்று எப்படி நிரூபணமாகிறது?

வேகமாக ஓடும் காட்சி என்பதால் முதல் பார்வையில் பலர் ஒன்றிரண்டு கண்ணிகளைத் தவறவிடுகிறார்கள். வரிசையாகச் சொல்லிவிடலாம்.

முதல் சாட்சி மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரிஃப் ஹெக் டேட். குற்றம் சாட்டிய பெண் மயெல்லா யூவெல் அடிபட்டுக் கிடந்ததைப் பார்த்தவர். மருத்துவர் அழைக்கப்பட்டாரா என்று அட்டிக்கஸ் கேட்கிறார், இல்லை. வன்புணர்வு நடந்தது என்பதற்கு மருத்துவச் சான்று அரசுத் தரப்பில் கடைசிவரை ஒன்றுமே இல்லை. அடுத்து, எந்தக் கண்ணில் காயம்? டேட் முதலில் இடது என்கிறார். உங்களைப் பார்த்து நின்றபோது உங்களுக்கு இடதா, அவளுக்கு இடதா என்று அட்டிக்கஸ் திருப்பிக் கேட்டதும் யோசித்து, அவளுக்கு வலது என்று திருத்துகிறார். எதிரே நிற்பவரின் வலது கன்னத்தில் விழும் அடி பெரும்பாலும் இடது கையிலிருந்து வருவது. கழுத்தில் விரல் தடங்கள் இருந்தன, அதுவும் சுற்றிலும் இருந்தன என்பதும் டேட் வாயிலிருந்தே வருகிறது. கழுத்தைச் சுற்றித் தடம் பதிய இரண்டு கைகள் வேண்டும். இந்தக் கண்ணியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது சாட்சி பெண்ணின் தந்தை பாப் யூவெல். எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டு, ஓர் உறையின் பின்புறம் கையெழுத்துப் போடச் சொல்கிறார் அட்டிக்கஸ். இடது கையால் போடுகிறான்.

மூன்றாவது மயெல்லா. டாமை அடையாளம் காட்டச் சொன்ன பிறகு அட்டிக்கஸ் ஒரு கண்ணாடித் தம்ளரை டாமை நோக்கி வீசுகிறார். டாம் வலது கையால் பிடிக்கிறார். இடது கையால் பிடியுங்கள் என்றால் முடியாது என்கிறார். பன்னிரண்டு வயதில் பஞ்சு அரைக்கும் இயந்திரத்தில் சிக்கி, தசைநார்கள் அறுந்து, செயலிழந்த கை அது. நாவலில் இந்தத் தம்ளர் இல்லை. ஜூரிக்கும் பார்வையாளருக்கும் ஒரே நொடியில் காட்டிவிடத் திரைக்கதையில் சேர்த்தது.

ஆக, வலது கன்னத்தில் அடித்து, கழுத்தை இரு கைகளால் நெரித்தவர் டாமாக இருக்க முடியாது. இடது கைக்காரன் ஒருவன் அந்த வீட்டிலேயே இருக்கிறான்.

இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் தண்டனை?

படத்தின் மையம் இந்தக் கேள்விதான்.

டாம் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்வது இது. வயலுக்குப் போகும் வழியில் தினமும் யூவெல் வீட்டைத் தாண்டிப் போவார். மயெல்லா கூப்பிட்டுச் சின்னச் சின்ன வேலை சொல்வாள். காசு வாங்காமல் செய்துகொடுப்பார். அன்றைக்குக் கதவைச் சரிசெய்ய வேண்டும் என்று உள்ளே அழைத்தாள். கதவில் பழுது எதுவும் இல்லை. வீட்டில் குழந்தைகளும் இல்லை: ஒரு வருஷமாகச் சேர்த்த ஏழு ஐந்து காசு நாணயங்களைக் கொடுத்து எல்லோரையும் ஐஸ்க்ரீம் தின்ன அனுப்பியிருந்தாள். அவளே கட்டிப்பிடித்தாள். தந்தை சன்னலில் பார்த்துவிட்டான். டாம் ஓடினார்.

இதுவரை ஜூரி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஏன் இலவசமாக வேலை செய்தாய் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் கில்மர் துருவும்போது, அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறார். கில்மர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார்: உனக்கு, ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துப் பாவமாக இருந்ததா? அந்த நொடியில் கூடத்தில் ஏற்படும் அசைவைக் கவனியுங்கள். பரிதாபம் மேலிருந்து கீழ்நோக்கிப் போவது என்பது அந்த ஊரின் கணக்கு. அடித்தட்டில் கிடக்கும் யூவெல் குடும்பம்கூட டாமுக்கு மேலே இருந்தாக வேண்டும். உண்மையைச் சொன்னதாலேயே டாம் அந்தக் கணக்கை மீறிவிடுகிறார்.

டாமைக் கூண்டில் ஏற்றாமலே விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அவர் பேசாவிட்டால் நடந்தது என்னவென்று சொல்ல வேறு ஆளே கிடையாது. யூவெல்கள் சொன்னது மட்டும் நின்றிருக்கும். ஆபத்தான வழி, ஆனால் இருந்த ஒரே வழி.

அட்டிக்கஸ் தன் நிறைவுரையில் இதை நேரடியாகவே தொடுகிறார். வெள்ளையர் சாட்சியம் தானாகவே உண்மை, கறுப்பினத்தவர் சாட்சியம் தானாகவே பொய் என்ற அனுமானத்தை நம்பித்தான் யூவெல்கள் நீதிமன்றத்துக்கு வந்திருக்கிறார்கள் என்கிறார். ஜூரி அந்த அனுமானத்தையே தீர்ப்பாகத் திருப்பிக் கொடுக்கிறது. யூவெல் சொன்னதை அவர்கள் நம்பினார்களா என்றால், அநேகமாக இல்லை. ஊரில் யாருக்கும் அவன்மேல் மதிப்பு கிடையாது. விடுதலை என்று சொன்னால், வெள்ளைக்காரன் பொய் சொன்னான், கறுப்பினத்தவன் உண்மை சொன்னான் என்று பன்னிரண்டு பேர் கையெழுத்திட்டதுபோல் ஆகிவிடும். அதைச் செய்துவிட்டு அதே தெருவில் அவர்களால் வாழ முடியாது.

டாமுக்கு என்ன ஆகிறது? மேல்முறையீடு?

மேல்முறையீட்டில் வாய்ப்பிருக்கிறது என்று அட்டிக்கஸ் டாமிடம் சொல்கிறார். அன்றிரவே பாதுகாப்புக்காக வேறு ஊருக்குக் கொண்டுபோகும்போது டாம் ஓடினார் என்றும், காயப்படுத்தச் சுட்டதில் குறி தவறி இறந்துவிட்டார் என்றும் செய்தி வருகிறது. செய்தி சொல்வது சுட்டவர் தரப்பு மட்டுமே. படம் அந்த இடத்துக்கு நம்மைக் கூட்டிப்போவதில்லை. காதில் விழுவதோடு சரி. நாவலில் சிறை வேலியைத் தாண்ட முயன்றபோது பதினேழு குண்டுகள் பாய்ந்து சாகிறார். படத்தின் முடிவு அதைவிட மங்கலானது. டாம் உண்மையிலேயே ஓடினாரா என்ற சந்தேகத்தோடு பார்ப்பது தவறில்லை.

ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று அடிக்கடி சொல்கிறார்களே?

1931 மார்ச் 25 அன்று அலபாமாவில் சரக்கு ரயிலில் பயணம் செய்த கறுப்பின இளைஞர்கள் ஒன்பது பேர்மேல், வெள்ளைக்காரப் பெண்கள் இருவரை வன்புணர்வு செய்ததாகக் குற்றம் சாட்டினார்கள். ஸ்காட்ஸ்பரோ ஊரில் சில நாட்களுக்குள் விசாரணை முடிந்து எட்டுப் பேருக்கு மரண தண்டனை. வழக்கு இரண்டு முறை அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனது. 1932-ல், உருப்படியான வக்கீல் உதவி தரப்படவில்லை என்று தண்டனைகள் ரத்தாயின. 1935-ல், ஜூரிப் பட்டியலிலிருந்து கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு விலக்கியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு வந்தது. அந்த விசாரணையில் நீதிபதிகளுக்கு முன் ஜூரிப் பதிவேட்டையே பூதக்கண்ணாடியோடு வைத்தார்கள்: பட்டியல் முடிந்து கோடு போட்ட பிறகு கறுப்பினத்தவரின் பெயர்களைப் பிற்பாடு செருகியிருந்தது தெரிந்தது. ஒன்பது பேரில் தண்டனை ரத்தாகாமலும் மன்னிப்புக் கிடைக்காமலும் இருந்த மூவருக்கு, இறந்த பிறகு, 2013-ல் அலபாமா மன்னிப்பு அளித்தது.

மேகோம் வழக்கு இதன் நகல் இல்லை. ரயிலோ ஒன்பது பேரோ இதில் கிடையாது. ஆனால் குற்றச்சாட்டின் தன்மை, மருத்துவச் சான்றின் நிலை, ஜூரியின் நிறம், சிறைவாசலில் திரளும் கூட்டம் எல்லாம் அந்தக் காலத்து அலபாமாவுக்குச் சொந்தமானவை.

சிறைவாசல் காட்சியில் கூட்டம் ஏன் கலைந்து போகிறது?

டாமை இழுத்துப் போய்க் கொல்ல வந்த கூட்டம் அது. அட்டிக்கஸ் விளக்கு ஒன்றை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். குழந்தைகள் ஓடி வருகிறார்கள். ஸ்கவுட் கூட்டத்தில் தெரிந்த முகம் தேடி, வால்டர் கன்னிங்ஹாமைப் பார்த்துவிடுகிறாள். படத்தின் தொடக்கத்தில், வழக்குக்கான கட்டணத்துக்குப் பதில் விளைபொருள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கூச்சத்தோடு நிற்கும் அதே விவசாயி. உங்கள் பையனோடு நான் படிக்கிறேன், அவனுக்கு என் வணக்கம் சொல்லுங்கள் என்கிறாள். கும்பலுக்குள் முகமில்லாமல் நின்ற ஒருவனுக்குப் பெயரும் மகனும் கடனும் திரும்ப வந்துவிடுகின்றன. அவன் தலையைக் குனிந்துகொண்டு, போகலாம் என்கிறான்.

இந்தக் காட்சி நம்பிக்கை தருவது உண்மைதான். ஆனால் உடனே அடுத்த நாள் வருகிறது. இரவில் கலைந்த அதே ஊர்தான் பகலில் ஒழுங்காக உடுத்திக்கொண்டு, சத்தமில்லாமல், சட்டப்படி அந்த வேலையை முடிக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில் ஹார்ட்டன் ஃபூட்டின் கைவண்ணம் தெரிகிறது.

பூ ராட்லிக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு கதையை ஒட்டவைத்ததுபோல் இருக்கிறதே?

வீட்டைவிட்டு வெளியே வராத ஒருவரைப் பற்றி ஊர் கதை கட்டுகிறது. குழந்தைகள் அதை நம்புகிறார்கள். அவரோ மரப்பொந்தில் சோப்பில் செதுக்கிய பொம்மைகளை அவர்களுக்காக வைக்கிறார். அவருடைய வீட்டார் பொந்தைச் சிமென்டு பூசி அடைத்துவிடுகிறார்கள். நேரில் தெரியாத ஒருவரை ஊர் தன் கற்பனையிலிருந்தே தயாரித்துக்கொள்கிறது என்பது இரண்டு கதைக்கும் பொது.

இன்னொரு முடிச்சு முடிவில் இருக்கிறது. அக்டோபர் இரவில், பள்ளி விழா முடிந்து வரும் குழந்தைகளை பாப் யூவெல் தாக்குகிறான். பூ வந்து காப்பாற்றுகிறார், யூவெல் சாகிறான். யூவெல் தன் கத்திமேல் தானே விழுந்தான் என்று ஷெரிஃப் டேட் அட்டிக்கஸ் வீட்டுத் திண்ணையிலேயே முடிவுசெய்துவிடுகிறார். கூச்ச சுபாவமுள்ள பூவை நீதிமன்றத்துக்கும் ஊர்ப் பேச்சுக்கும் இழுப்பது பாவம் என்பது அவர் வாதம். அது மாக்கிங்பேர்டைச் சுடுவதுபோல் ஆகிவிடும் என்கிறாள் ஸ்கவுட். பயிரைக் கெடுக்காமல் பாடுவதை மட்டுமே செய்யும் அந்தப் பறவையைக் கொல்வது பாவம் என்று அட்டிக்கஸ் முன்பு சாப்பாட்டு மேசையில் சொன்னதை அவள் நினைவில் வைத்திருக்கிறாள்.

மனிதாபிமானமான முடிவுதான். ஆனால் ஒரு வெள்ளையருக்காக ஷெரிஃபின் ஒரு சொல்லில் வழக்கே இல்லாமல் போகிறது. டாமுக்கு அத்தனை ஆதாரம் இருந்தும் போகவில்லை. படம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. கலந்துரையாடலில் கேட்கத் தகுந்த முதல் கேள்வி இதுவே.

பூவாக நடித்தவர் யார்? வசனமே இல்லையே?

ராபர்ட் டுவால். அவருக்கு முதல் திரைப்படம். நாடக மேடையில் அவரைப் பார்த்த ஹார்ட்டன் ஃபூட் சிபாரிசு செய்தார். கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கும் அந்த நிற்பிலேயே பாத்திரம் முழுவதும் இருக்கிறது.

குழந்தைகள் எப்படி இவ்வளவு இயல்பாக இருக்கிறார்கள்?

மேரி பேடம், ஃபிலிப் ஆல்ஃபர்ட் இருவரும் அலபாமாவின் பர்மிங்ஹாம் நகரத்துப் பிள்ளைகள். சினிமா அனுபவம் இல்லாதவர்கள். பேச்சு வழக்கு அவர்களுடைய சொந்த வழக்கு. மல்லிகன் கேமராவையும் அவர்கள் உயரத்துக்கே இறக்கினார். பெரியவர்கள் பேசுவது பல இடங்களில் சன்னல் வழியாகவோ திண்ணையின் மறுபக்கத்திலிருந்தோ அரைகுறையாகக் காதில் விழுகிறது. துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரை பெற்றபோது பேடமுக்குப் பத்து வயது.

ப்ராக் பீட்டர்ஸின் சாட்சியக் காட்சியை ஏன் இவ்வளவு பாராட்டுகிறார்கள்?

அழுகையை வரவழைக்காமல், வருவதை அடக்கப் பார்க்கிறார். கண்ணீர் தானாக இறங்குகிறது. அந்தக் காட்சியில் அவர் கண்ணை நேராகப் பார்த்தால் தானும் உடைந்துவிடுவேன் என்று அவரைத் தாண்டிப் பார்த்துக்கொண்டே நடித்ததாக பெக் பின்னாளில் சொன்னார். 2003-ல் பெக் இறந்தபோது இரங்கல் உரை ஆற்றியவர் பீட்டர்ஸ்.

டைட்டில் காட்சியில் என்னென்ன இருக்கின்றன?

ஸ்டீபன் ஃப்ராங்க்ஃபர்ட் வடிவமைத்தது. ஒரு பழைய சுருட்டுப் பெட்டியைக் குழந்தை திறக்கிறாள். க்ரேயான், கோலிக்குண்டு, கடிகாரம், செதுக்கிய பொம்மைகள் எல்லாம் முகத்துக்கு நேரே வைத்துப் பார்ப்பதுபோல் பெரிதாகத் தெரிகின்றன. குழந்தை முணுமுணுத்துக்கொண்டே பறவை ஒன்றை வரைகிறாள்; தாள் கிழிகிறது. பெட்டியில் இருப்பவை மரப்பொந்தில் கிடைத்தவை என்பது படம் போகப் போகத்தான் தெரியும்.

இசைக்கு வழி தெரியாமல் பெர்ன்ஸ்டீன் வாரக்கணக்கில் திணறினார். எல்லாவற்றையும் குழந்தையின் கண்ணால் பார்க்கிறோம் என்பதைப் பிடித்த பிறகுதான் வழி திறந்தது. பியானோ படிக்கத் தொடங்கும் குழந்தை ஒற்றை விரலால் தட்டுவதுபோல் மேல் ஸ்தாயியில் ஒவ்வொரு ஸ்வரமாகத் தொடங்குகிறது அந்த மெட்டு.

நாவலிலிருந்து என்ன விடுபட்டது?

மூன்று கோடைகளில் நடப்பதை ஓராண்டுச் சொச்சத்துக்குள் சுருக்கினார்கள். அத்தை அலெக்ஸாண்ட்ரா இல்லை. அக்கம்பக்கத்து மூதாட்டி திருமதி டுபோஸ் தெருவில் கத்துவதோடு போய்விடுகிறார். அவர் மார்ஃபின் பழக்கத்தை வென்று சாகும் அத்தியாயம் கிடையாது. பெரிய இழப்பு வேறு: வீட்டு வேலை செய்யும் கால்பர்னியா குழந்தைகளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப்போகும் அத்தியாயம். கறுப்பினத்தவர் தங்களுக்குள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படி ஒருவரையொருவர் தாங்குகிறார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருந்தது. அதை எடுத்ததும் படத்தில் அவர்களுக்கென்று ஒரு வாழ்க்கையே தெரியாமல் போய்விட்டது.

மாற்றியதில் நன்றாக அமைந்தது யூவெல் அட்டிக்கஸின் முகத்தில் துப்பும் காட்சி. படத்தில் டாம் வீட்டு வாசலில், காரிலிருந்து ஜெம் பார்த்துக்கொண்டிருக்க நடக்கிறது. அட்டிக்கஸ் ஓர் அடி முன்னே வைக்கிறார், நிற்கிறார், கைக்குட்டையால் துடைக்கிறார், காருக்குப் போகிறார். வசனமே தேவைப்படவில்லை.

படத்தில் காலப்பிழை உண்டா?

உண்டு. கதை 1932-ல் தொடங்குகிறது என்று பின்னணிக் குரல் சொல்கிறது. அச்சத்தைத் தவிர அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை என்ற வாசகத்தை ஊர் அண்மையில் கேட்டதாகவும் அதே குரல் சொல்கிறது. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அதைச் சொன்னது 1933 மார்ச் 4 அன்று.

வெள்ளைக்காரர் வந்து காப்பாற்றும் கதை என்ற விமர்சனம் சரியா?

பெரும்பகுதி சரி. டாம் துன்பப்படுவதற்காகவே இருக்கிறார். தீர்ப்புக்குப் பின் மாடத்திலிருப்பவர்கள் அட்டிக்கஸுக்காக எழுந்து நிற்கிறார்கள். தங்களில் ஒருவர் அழிக்கப்பட்ட நொடியில் தோற்ற வக்கீலுக்கு மரியாதை செய்கிறார்கள். நெகிழ்ச்சியான காட்சி என்பதாலேயே அதன் கோணலைப் பலர் கவனிப்பதில்லை. சட்டப் பேராசிரியர் மன்ரோ ஃப்ரீட்மன் 1992-லேயே அட்டிக்கஸின் பிம்பத்தைக் கேள்விக்குள்ளாக்கினார்: நீதிபதி கேட்டதால் வாதாடினாரே தவிர, அன்றாடம் கண்ணெதிரே நடக்கும் பிரிவினையை எதிர்த்து அவர் எதுவும் செய்யவில்லை என்பது அவர் வாதம். 2015-ல் லீயின் இன்னொரு நாவல் வெளிவந்தபோது, அதில் வயதான அட்டிக்கஸ் பிரிவினைக்கு ஆதரவாகப் பேசுவதைக் கண்டு வாசகர்கள் அதிர்ந்தார்கள்.

இதையெல்லாம் அறிந்த பிறகும் படம் நிற்கிறது. முறைப்படி நடக்கும் ஒரு விசாரணை எப்படி அநியாயத்தில் முடியும் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய படங்கள் குறைவு.

என்னென்ன விருதுகள்?

எட்டு ஆஸ்கார் பரிந்துரைகள், மூன்று விருதுகள்: நடிகர், தழுவல் திரைக்கதை, கறுப்பு வெள்ளைக் கலை இயக்கம். 1995-ல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது.

மன்ரோவில் இன்று எப்படி?

பழைய நீதிமன்றம் அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆண்டுதோறும் உள்ளூர்க்காரர்கள் இந்தக் கதையை நாடகமாகப் போடுகிறார்கள். விசாரணைப் பகுதி அந்தக் கூடத்திலேயே நடக்கும்.

அதே ஊரில்தான் வால்டர் மக்மில்லியன் என்ற கறுப்பினத்தவரை 1987-ல் கைது செய்தார்கள். 1986-ல் வெள்ளைக்கார இளம்பெண் ஒருத்தி கொல்லப்பட்ட வழக்கு. கொலை நடந்த நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார் என்று பலர் சாட்சி சொன்னார்கள். ஒன்றரை நாளில் விசாரணை முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனை பரிந்துரைத்தது. நீதிபதி அதை மரண தண்டனையாக மாற்றினார். வழக்கறிஞர் ப்ரையன் ஸ்டீவன்சன் போராடி 1993-ல் அவரை வெளியே கொண்டுவந்தார். ஆறு ஆண்டுகள் மரண தண்டனைக் கைதிகளின் சிறைப்பகுதியில் இருந்தவர். அட்டிக்கஸைக் கொண்டாடும் ஊரிலேயே இது நடந்தது என்பதைப் படம் பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவர்களுக்குத் திரையிடுவதென்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

வயது பன்னிரண்டு, பதின்மூன்றுக்குக் குறையாமல் இருக்கட்டும். வன்புணர்வுக் குற்றச்சாட்டு வெளிப்படையாகப் பேசப்படுகிறது. வெறிநாயைச் சுடும் காட்சியும் இருட்டில் நடக்கும் தாக்குதலும் சிறு பிள்ளைகளைப் பயமுறுத்தும். கறுப்பினத்தவரை இழிவாகக் குறிக்கும் சொல் சில இடங்களில் வருகிறது. படம் தொடங்கும் முன்பே, அது ஏன் வருகிறது, நாம் ஏன் அதைத் திருப்பிச் சொல்லப்போவதில்லை என்று இரண்டு நிமிடம் சொல்லிவிடுங்கள்.

சப்டைட்டில் கட்டாயம். தெற்கத்திய உச்சரிப்பு நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் பிடிபடாது. எந்தக் கண், எந்தக் கை என்ற குறுக்கு விசாரணையில் ஒரு சொல் தவறினால் வழக்கே தவறிவிடும்.

அறை நன்றாக இருட்டியிருக்க வேண்டும். சிறைவாசலும் காட்டுப் பாதையும் வெளிச்சமான வகுப்பறையில் வெறும் கறுப்புத் திரையாகத் தெரியும். படத்தின் அளவு 1.85:1, தொலைக்காட்சியில் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பையும் அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். ஒலியை டைட்டில் காட்சியிலேயே சரிபாருங்கள்: குழந்தையின் முணுமுணுப்பு கடைசி வரிசைவரை கேட்டால் போதும்.

இடைவேளை விடுவதென்றால் சிறைவாசல் காட்சி முடிந்ததும் விடுங்கள். ஏறக்குறைய பாதி அங்கே முடிகிறது. நீதிமன்றத்தை நடுவில் வெட்டக் கூடாது.

தீர்ப்புக்குச் சற்று முன், ஜூரி வெளியே போகும் இடத்தில், படத்தை நிறுத்தி ஒவ்வொருவரையும் ஒரு தாளில் தீர்ப்பையும் அதற்கான ஒரு காரணத்தையும் எழுதச் சொல்லலாம். பெரும்பாலும் எல்லோரும் விடுதலை என்றே எழுதுவார்கள். தாள்களை உடனே வாசிக்காதீர்கள். படம் முடிந்த பிறகு எடுத்து, அந்தப் பன்னிரண்டு பேரும் கேட்டது இதே சாட்சியத்தைத்தான் என்று நினைவூட்டி, அவர்களில் ஒருவர் விடுதலை என்று சொல்லியிருந்தால் மறுநாள் காலையில் அவருக்குக் கடையிலும் தேவாலயத்திலும் சொந்த வீட்டிலும் என்ன நடந்திருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும். அட்டிக்கஸ் நல்லவரா என்று தொடங்கினால் பத்து நிமிடத்தில் முடிந்துபோகும்.